அவளுக்காக வந்தவர்கள்

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை சோதனையில் நன்றாகச் செய்துவிட்டால் பின்னேரத்துக்குள் சிட்னி முழுக்கத் தெரிந்துவிடும். அதே பிள்ளை ஏதாவது வம்பில் மாட்டிக்கொண்டால் அடுத்த தெருவில் இருக்கும் கூடப்பிறந்தவனுக்கும் தெரியாது. டூங்கபியில் எங்களுக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில் மகன் ஏதோ களவுக் கேஸில் பிடிபட்டான். அந்த வருடம் முழுக்க அவர்கள் கோயில் பக்கமே வரவில்லை. கேட்டவர்களுக்கு, தாய்க்கு முழங்கால் வருத்தம் என்றார்கள். நாங்களும் நம்பி ஆளுக்கொரு எண்ணெயைச் சிபாரிசு செய்துகொண்டிருந்தோம். உண்மை தெரியவந்தபோது அந்தப் பையனுக்குக் கலியாணமே முடிந்துவிட்டது.

அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நான். பிறகு என் முறை வந்தது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுப்பதுதான் என் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒருவரின் கையில் ஊசியோடு நின்றபோது பாவாடைப் பையில் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. மகளின் பள்ளிக்கூடத்துப் பிரதி அதிபர். அவர் பேசி முடித்தபோது எனக்கே யாராவது இரத்த அழுத்தம் பார்த்திருக்க வேண்டும். பள்ளி மண்டபத்தில் சுவரில் தொங்கிய தீயணைக்கும் சிவப்பு உருளையை யாரோ இழுத்து அடித்துவிட்டார்கள். புதிதாக வாங்கிய பியானோ, ஒலிபெருக்கிகள், கதிரைகள் எல்லாவற்றிலும் வெள்ளைத் தூள். பியானோவின் உள்ளுக்குள் போன தூளை எடுக்கவே முடியாதாம். வாசல் கமராவில் இரண்டு பெண் பிள்ளைகள் ஓடிவருவது தெரிகிறது. ஒருத்தி என் மகள். மற்றவள் அவளுடைய சிநேகிதி. இருவருக்கும் பதினைந்து வயது.

அந்தச் சிநேகிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த நாட்டின் பூர்வகுடிப் பிள்ளை. கூரி என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது நான் அவளை வெள்ளைக்காரப் பிள்ளை என்றுதான் நினைத்தேன். செம்பட்டை முடி, மூக்கில் புள்ளிப் புள்ளியாய் மச்சம். என் மகளோடு பக்கத்தில் நின்றால் பாலும் தேத்தண்ணியும். என் மகள் ஏழாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கழிவறையில் ஒளிந்திருந்து சாப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. அங்கே போய்க் கதவைத் தட்டி, வெளியே வா, என்னோடு இரு என்று கூட்டிப்போனவள் அவள்தான். பிறகு எங்கள் குசினியில் ஏறியிருந்து புட்டும் மாசிச் சம்பலும் தின்றுவிட்டு, உறைப்பில் கண்ணீர் வழிய இன்னும் கேட்பாள். அவள் சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். எனக்கு அவளைப் பிடிக்கும்.

அன்று பிரதி அதிபரின் அறைக்குள் நுழைந்தபோது மகள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். சிநேகிதி கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள். யார் உருளையை இழுத்தது என்று கேட்டதற்கு இரண்டு பேருமே வாய் திறக்கவில்லையாம். பிரதி அதிபர் மோசமான ஆளில்லை, நேர்மையாகத்தான் பேசினார். உங்கள் மகள் வருந்துவது தெரிகிறது என்றார். மற்றவளைப் பற்றி, அவள் எதையும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை என்றார். இருவரிடமும் இருந்தது ஒரே மௌனம்தான். ஒருத்தியின் மௌனத்துக்குக் கண்ணீர் துணைக்கு இருந்தது.

எங்கள் ஆட்களுக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூப்பிட்டால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே படியேறத்தான் தெரியும். கதிரையில் உட்காருவதற்கு முன்னமே நான் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. பியானோவுக்கு நாங்கள் பொறுப்பு என்றேன். வீட்டில் கண்டிக்கிறோம் என்றேன். பிரதி அதிபரின் முகம் இளகிக்கொண்டே வந்தது. கடைசியில், மகள் ஒரு வாரம் இடைவேளைகளில் நூலகத்தில் இருந்தால் போதும் என்று முடிந்தது. சிநேகிதிக்கு அன்றே இடைநிறுத்தம். பொலிஸ் விஷயம் முடியும்வரை அவள் பள்ளிக்கூடப் படி ஏறக்கூடாது.

பொலிஸுக்கும் பள்ளிக்கூடம் அறிவித்துவிட்டது. இந்த மாநிலத்தில் சின்ன வயதுக்காரர் முதல் தடவை ஏதாவது செய்து அதை ஒப்புக்கொண்டால், பெற்றோரைக் கூப்பிட்டு வைத்து எச்சரித்து விடுகிற ஒரு முறை இருக்கிறது. நீதிமன்றம் இல்லை, தண்டனை இல்லை. அந்த எச்சரிக்கைக்கு என் மகளைக் கூட்டிப்போக நான் செய்த ஏற்பாட்டை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் காரை விடவில்லை. பென்டில் ஹில்லுக்கு மீனும் முருங்கைக்காயும் வாங்க வருகிற எங்கள் சனம் யாராவது அந்த வழியால் போய்க் கண்டுவிட்டால்? நாலு தெரு தள்ளி விட்டுவிட்டு வெயிலில் நடந்தோம். கையில் மகளின் பைல். பாலர் வகுப்பில் வாங்கிய பாராட்டுப் பத்திரத்தில் தொடங்கி, திருக்குறள் மனனப் போட்டி, நீச்சல், கணித ஒலிம்பியாட், வயலின் என்று எல்லாச் சான்றிதழும் பிளாஸ்டிக் உறைக்குள். வைத்தியரிடம் போகும்போது எக்ஸ்ரேயைக் கொண்டுபோவது போலக் கொண்டுபோனேன். எங்கள் அம்மாமாரைத் தவிர உலகத்தில் வேறு யாரும் பொலிஸ் நிலையத்துக்கு வயலின் சான்றிதழ் கொண்டுபோயிருக்க மாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால் அது வேலை செய்தது. பொலிஸ்காரர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். தன் மகளும் வயலின் படிப்பதாகச் சொன்னார். நீயும் அங்கே இருந்தாயா என்று கேட்டார்; மகள் ஓம் என்று தலையாட்டினாள். இனிமேல் ஆட்களைப் பார்த்துப் பழகு என்றார். அவ்வளவுதான். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

திரும்பி வந்து காரில் ஏறியதும் மகள் பெல்ட்டைப் போடாமல் இருந்தாள். ஆங்கிலத்தில்தான் தொடங்கினாள். அந்த ஆள் என்னிடம் கேட்கவே இல்லை, யார் இழுத்தது என்று கேட்கவே இல்லை என்றாள். பிறகு, எனக்கு விளங்காமல் போய்விடக்கூடாது என்றோ என்னவோ, தமிழுக்கு வந்தாள்.

“நான்தான் அம்மா இழுத்தனான். அவள் வேண்டாம் எண்டு கையைப் பிடிச்சவள்.”

நான் காரை எடுக்கவில்லை. அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். சும்மா விளையாட்டுக்கு இழுத்தாளாம். இவ்வளவு தூள் வரும் என்று தெரியாதாம். சிநேகிதிக்கு எச்சரிக்கை கிடைக்காதாம். அவள் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால் என்ன நடந்தது என்று சொல்லவேண்டி வரும், சொன்னால் என் மகளைக் காட்டிக்கொடுக்க வேண்டி வரும். அதனால் வாயை மூடிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகிறாள். அத்தோடு அவளுக்கு ஏற்கனவே ஒரு பொலிஸ் பதிவு இருக்கிறது. அது என்ன பதிவு என்று கேட்டேன். பன்னிரண்டு வயதில் இரண்டு பேரும் ரெயிலில் பயண அட்டை தட்டாமல், காசு கட்டாமல் வந்திருக்கிறார்கள். ஸ்டேஷனில் மறித்தவர்கள் அவளுடைய பெயரைக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பூர்வகுடிக் குடும்பப் பெயரைக் கேட்டதும் மறித்தவரின் முகம் மாறியதாம். அவள் ஏதோ எதிர்த்துச் சொல்லிவிட்டாள், பொலிஸ் வந்துவிட்டது. பக்கத்தில் வயலின் பெட்டியோடு நின்ற என் மகளிடம், வீட்டுக்குப் போ, அம்மா தேடுவா என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் காரணம் தோல் நிறம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். வேலைக்கு ஆள் எடுக்காவிட்டாலும் நிறம், பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருக்காவிட்டாலும் நிறம். இங்கே கறுத்த பிள்ளை என்னுடையது. தப்பு செய்ததும் அவள்தான். வீட்டுக்குப் போ என்று விட்டதும் அவளைத்தான். ஒரு பெயரைக் கேட்டு முகம் மாறுகிற விஷயம் எவ்வளவு பழையது, எவ்வளவு ஆழமானது என்று அன்றுதான் எனக்கு மண்டையில் ஏறியது. அதைவிடப் பெரிய அதிசயம், புட்டுத் தின்ன வருகிற ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை, எந்தச் சத்தமும் இல்லாமல் என் மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பது. வளர்ந்த ஆட்களில் நான் அப்படி ஒருவரைக் கண்டதில்லை.

மகள் நீதிமன்றத்துக்குப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றாள். கணவருக்கு அது பிடிக்கவில்லை.

“எங்கட அலுவல் முடிஞ்சுது. பிறகும் ஏன் அங்கை போய்த் தலையைக் குடுக்கிறீர்?” என்றார். அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் நெடுங்காலம் இருந்துவிட்டு வெளியே வந்தவர். சீருடை போட்ட ஒருவர் போ என்று சொன்னால் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்பது அவர் அங்கே படித்த பாடம். மகள் மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். முடிந்த ஒன்றைக் கிளறி, எச்சரிக்கை வழக்காக மாறிவிட்டால்? அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் ஒரு நடுவழி கண்டுபிடித்தேன். கூட்டிப்போகிறேன், சிநேகிதிக்குப் பக்கத்தில் இருக்கட்டும், வாய் திறக்க விடமாட்டேன் என்றேன். கணவர் என்னைப் பார்த்த பார்வையில், வாய் திறக்காமல் இருப்பதைப் பற்றி நீரா பேசுகிறீர் என்று இருந்தது.

பிள்ளைகளுக்கான நீதிமன்றத்தின் வெளிமண்டபம் எப்படி இருக்கும் என்று என் மனதில் ஒரு படம் இருந்தது. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல், மூலைக்கு ஒருவராக இருப்பார்கள். நாங்கள் அப்படித்தான் இருந்திருப்போம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன எனக்குக் கொஞ்ச நேரம் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று தோன்றியது.

அந்தப் பிள்ளைக்காக வந்தவர்களே மண்டபத்தின் ஒரு பக்கத்தை நிரப்பியிருந்தார்கள். தள்ளுவண்டியில் கைக்குழந்தை. பளீர் மஞ்சள் வேலை மேலங்கியோடு, வேலையிலிருந்து நேரே வந்த ஒரு மாமன். தரையில் படுத்து நிறம் தீட்டிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகள். அவளுடைய கால்பந்துப் பயிற்சியாளர். டப்போவிலிருந்து விடிய முன்னமே வெளிக்கிட்டு மணிக்கணக்காகக் கார் ஓட்டி வந்த இரண்டு மச்சாள்மார். யாரோ சூடான சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்துக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சிநேகிதி, முடியைப் பின்னி, பள்ளிச் சீருடையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு. இடைநிறுத்தத்தில் இருக்கிறவள் எதற்குச் சீருடை போட்டாள் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் சனம் இவ்வளவு பேர் ஓரிடத்தில் கூடினால் அது கலியாண வீடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்தவீடாக இருக்க வேண்டும். வெட்கம் என்று நான் நினைத்திருந்த ஒன்றுக்கு இவர்கள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அவளை வளர்க்கிறவர் அவளுடைய பெரிய அன்ரி. பருத்த உடம்பு, வெள்ளைத் தலை, கையில் ஊன்றுகோல். எங்களைப் போலவே அவர்களும் மூத்தவர்களை அன்ரி என்றுதான் கூப்பிடுகிறார்கள், எங்களைவிட மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். என்னைத் தன் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, எவ்விடம், யாருடைய ஆட்கள் என்று விசாரித்தார். யாழ்ப்பாணத்தில் பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருக்கிறவர் கேட்கிற அதே இரண்டு கேள்வி. டூங்கபி என்றேன். அது எங்கள் பெயர், தண்ணீருக்குப் பக்கத்து இடம் என்று அர்த்தம் என்றார். இத்தனை வருடமாய்க் கடிதங்களில் எழுதுகிற பெயர். ஒரு நாளாவது அது யாருடைய சொல் என்று யோசித்திருக்கிறேனா? அந்த மனுசி அதைக் குத்திக் காட்டவில்லை. சிப்ஸ் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். எடுத்தேன்.

மகள் அதற்குள் சிநேகிதியின் சட்டத்தரணியிடம் போய்விட்டாள். இளம் பெண், கையில் கட்டுக் கட்டாகக் கோப்புகள். அவர் மகள் சொன்னதை முழுக்கக் கேட்கவில்லை. கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். நான் உங்கள் மகளின் சட்டத்தரணி இல்லை, நீங்கள் வேறொருவரிடம் ஆலோசனை கேட்க வேண்டும், உண்மையைச் சொன்னால் அவளுடைய விஷயத்தை மறுபடி திறக்கவும் கூடும், சாத்தியம் குறைவு, ஆனால் நான் வாக்குத் தரமுடியாது என்றார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சிநேகிதி அந்தப் பக்கமிருந்து ஓடிவந்து என் மகளின் கையைப் பிடித்து, சொல்லாதே, நான் சமாளிப்பேன் என்றாள். தனக்கு எல்லாம் போகப்போகிற நேரத்தில், அப்போதும் என் பிள்ளையைக் காப்பாற்றப் பார்க்கிறாள். அதற்குப் பிறகு என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. உன் விருப்பம் என்று மட்டும் சொன்னேன்.

பிள்ளைகள் நீதிமன்றத்துக்குள் கண்டவர்களும் போகமுடியாது. இத்தனை பேரா என்று வாசலில் நின்றவர் உள்ளே போய்க் கேட்டு வந்தார். நீதவான் எல்லாரையும் உள்ளே விடச் சொல்லிவிட்டாராம். உள்ளே இடம் போதவில்லை. சின்னப் பிள்ளைகள் மடியில் ஏறினார்கள்.

நீதவான் கண்ணாடியை மூக்கு நுனியில் போட்ட ஒரு பெண். சட்டத்தரணி கேட்டது ஒன்றைத்தான். இந்தப் பிள்ளை தான் அங்கே இருந்ததை மட்டும் இப்போது ஒப்புக்கொள்கிறாள், இதைத் தண்டனையாக முடிக்காமல் எச்சரிக்கையாக முடிக்க வேண்டும், பதிவோடு முடிந்தால் பள்ளிக்கூடம் இவளை மறுபடி எடுக்காது. அரசு தரப்பில் எழுந்தவர், முன்பே ஒரு தடவை எச்சரிக்கப்பட்டவள் என்று ரெயில் கதையைச் சொன்னார். அட்டை தட்டாத கதை அந்த அறையில் கேட்கும்போது கொலைக் கேஸ் மாதிரி இருந்தது.

பிள்ளையைப் பற்றி யாராவது பேச விரும்புகிறீர்களா என்று நீதவான் கேட்டார். எங்களிடம் இப்படிக் கேட்டிருந்தால் நான் பைலைத் தூக்கியிருப்பேன். இவர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். மஞ்சள் மேலங்கிக்காரர், காலையில் நான்தான் இவளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கப்போகிறேன், வேலையில் சொல்லிவிட்டேன் என்றார். பயிற்சியாளர், தோற்ற ஆட்டத்திலும் பந்துகளைப் பொறுக்கி அடுக்கிவிட்டுப் போகிற ஒரே ஆள் இவள் என்றார். டப்போ மச்சாள், சிட்னி சரிவராவிட்டால் எங்கள் வீட்டில் இவளுக்குக் கட்டில் போட்டாயிற்று என்றாள். ஆறேழு வயதுச் சின்னவள் ஒருத்தி மடியிலிருந்து இறங்கி, எனக்குத் தலை பின்னிவிடுகிறவள் என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். கடைசியாகப் பெரிய அன்ரி ஊன்றுகோலில் சாய்ந்து எழும்பினார். இவள் பிழை விட்டிருந்தால் நாங்கள் திருத்துவோம், இவளை எங்களிடமிருந்து எடுக்காதீர்கள், எங்களிடமிருந்து எடுத்தது போதும் என்றார். பூர்வகுடிப் பிள்ளைகளை அரசாங்கமே குடும்பங்களிலிருந்து பறித்துக்கொண்டுபோன காலம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது. நீதவான் பேனையைக் கீழே வைத்துவிட்டார். ஒரு மனுசி ஊன்றுகோலோடு எழும்பி நின்றால் ஓர் அறை முழுக்க நேராக நிமிர்ந்து உட்காரும் என்பதை அன்று கண்டேன்.

சட்டத்தரணி என் மகள் பக்கம் திரும்பினார். இன்னொருவரும் பேச விரும்புகிறார் என்றார். மகள் எழும்பினாள். வீட்டில் குசினி மேசையில் சோற்றைப் பிசைந்துகொண்டு முணுமுணுக்கிற குரல் இல்லை அது.

“உருளையை இழுத்தது நான். அவள் என்னைத் தடுத்தாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்காததால்தான் இங்கே நிற்கிறாள்.”

நீதவான் அவளைப் பார்த்தார். உனக்கு என்ன நடந்தது என்று கேட்டார். ஒரு எச்சரிக்கை என்றாள். பள்ளிக்கூடத்தில்? நூலகத்தில் இருந்தேன் என்றாள். நீதவான் அரசு தரப்பைப் பார்த்தார். அவர் தன் தாள்களைப் பார்த்தார். பிறகு நீதவான் என் மகளிடம், உனக்குப் பதினைந்து வயது, உன்னோடு யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். நான் பின்வரிசையில் இருந்தேன். மடியில் இருந்த கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பப் பார்த்தேன். எனக்கு முன்னால் பெரிய அன்ரி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

“அவள் எங்களோடு வந்தவள்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு தெரு தள்ளிக் காரை ஒளித்தவள் நான். என் பிள்ளையால் நீதிமன்றத்துக்கு வந்த குடும்பம் இது. என்னையும் அவளையும் துரத்தியிருக்கலாம். ஒரு வசனத்தில் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

நீதவான் சிநேகிதியை அங்கேயே எச்சரித்து விட்டார். மகளுடைய விஷயம் முடிந்தது, தான் அதைத் திறக்கப்போவதில்லை என்றும் சொன்னார். வெளியே வந்ததும் மண்டபமே சிரிப்பும் கட்டிப்பிடிப்புமாக இருந்தது. பெரிய அன்ரி என் மகளின் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, உன்னுடைய ஆட்கள் எல்லாம் எங்கே என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். எல்லாருக்கும் வேலை என்றேன்.

மகள் ஆங்கிலத்தில், “அவர்களுக்குத் தெரியாது” என்றாள்.

பெரிய அன்ரி என்னை ஏசுவார் என்று நினைத்தேன். “சொல்லு சிஸ். வருவார்கள்” என்று மட்டும் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். நீதிமன்றம் விட்டுவிட்டது, பள்ளிக்கூடம் இன்னும் விடவில்லை. பிரதி அதிபரோடு ஒரு கூட்டம் இருக்கிறது. அதில்தான் பிள்ளை திரும்பப் போவதா இல்லையா என்று முடிவாகும். விஞ்ஞானச் சோதனை வருகிறது. பிள்ளை ஏற்கனவே நிறையத் தவறவிட்டுவிட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் காரை ஓரமாக நிறுத்தி, பென்டில் ஹில்லில் இருக்கும் மச்சாளுக்குப் போன் எடுத்தேன். கணவரின் அக்கா. எங்கள் குடும்பத்துச் செய்தி வாசிப்பாளர். அவருக்குத் தெரிந்தால் ஹோம்புஷ் வரை தெரிந்த மாதிரி. உருளையில் தொடங்கி நீதவான் வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். மறுபக்கத்தில் சத்தமே இல்லை. இவ்வளவு நேரம் மச்சாள் பேசாமல் இருந்து நான் கேட்டதே கிடையாது. போச்சு, இனிக் கோயிலுக்கு முழங்கால் வருத்தம்தான் என்று நினைத்தேன்.

“கூட்டம் எத்தினை மணிக்கு?” என்று கேட்டார் மச்சாள்.

ஏன் மச்சாள் என்றேன்.

“அந்தப் பிள்ளை எங்கட பிள்ளைக்காக நிண்டது. நாங்கள் வாறம்.”

கூட்டத்துக்கு மச்சாள் வேலைச் சீருடையோடு வந்தார். அவருடைய கணவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். என் கணவர் லீவு போட்டுவிட்டு, பள்ளிக்கூட வாசலில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு எங்களோடு உள்ளே வந்தார். பெரிய அன்ரியோடு அவருடைய ஆட்கள் ஏற்கனவே வந்திருந்தார்கள். அலுவலகத்தில் இருந்த பெண், பெற்றோரோ பாதுகாவலரோ ஒருவர் மட்டும்தான் போகலாம் என்றார். யாரும் வாதாடவில்லை, யாரும் வெளியே போகவுமில்லை. பிரதி அதிபர் வந்து எட்டிப் பார்த்தார். தானே போய் ஆசிரியர்களின் குசினியிலிருந்து கதிரைகளைத் தூக்கி வந்தார். போதவில்லை. கடைசியில் அவரே நின்றுகொண்டு பேசினார்.

நீதிமன்றத்தில் நடந்ததை மகள் சொன்னாள். பிரதி அதிபரின் முகம் சிவந்தது. தன் மேசையில் இருந்த சிநேகிதியின் கோப்பை அவர் திறந்து பார்க்கவேயில்லை. சிநேகிதியைப் பார்த்து, நான் உன்னிடம் சரியாகக் கேட்டிருக்க வேண்டும் என்றார். பெரிய மனுசன் ஒருவர் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அத்தனை பேருக்கு முன்னால் அப்படிச் சொன்னதும் எனக்கு வியப்புத்தான். அதையும் சொல்ல வேண்டும். பிறகு அவர் தொண்டையைச் செருமி, திங்கட்கிழமை முதல் அவள் வரலாம் என்றார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

சிநேகிதி பள்ளிச் சீருடையில்தான் இருந்தாள். புத்தகப் பையைக் கழற்றாமலே கதிரை நுனியில் இருந்தாள். இடைநிறுத்தப்பட்டிருந்த நாட்களில் ஒவ்வொரு காலையும் அவள் அப்படித்தான் வெளிக்கிட்டு இருந்தாள் என்று அவளுடைய மாமன் பிறகு என்னிடம் சொன்னார். அந்த நேரம் பாடம் மாறுகிற மணி அடித்தது. அவள் எழும்பினாள்.

“இப்போது விஞ்ஞானம். போகட்டுமா?”

பிரதி அதிபர் அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரோரம் நின்றவர்கள், குசினிக் கதிரையில் இருந்தவர்கள், ஊன்றுகோல், கழுத்துப்பட்டி, மஞ்சள் மேலங்கி எல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. போ என்றார்.

அவள் என் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள். நடைபாதையில் இரண்டு பேரும் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தில் நடைபாதையில் ஓடக்கூடாது. சுவரெல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பிரதி அதிபர் கதவுக்குப் போய், அவளுடைய பெயரைச் சொல்லிச் சத்தம் போட வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.